கொக்குப்பாறையில் முதுகு காட்டியவள்

சுடலைமாடத்தியிடம் அறை வாங்கியவர்களை வைத்து ஒரு சங்கமே நடத்தலாம் என்பான் ஷிபு. ஒரு மழைக்கால மாலையில் குடித்துவிட்டுக் கடலில் இறங்கப் பார்த்த டெல்லிக்காரர் அதற்குத் தலைவர். புதிதாகச் சர்ஃபிங் பழகும் பெண்ணின் முதுகில் தன் பலகையை ஏற்றிவிட்டு மன்னிப்பும் கேட்காமல் போன ஆள் செயலாளர். தண்ணீருக்கடியில் மாடத்தியின் கணுக்காலைப் பிடித்துவிட்டு, தெரியாமல் பட்டுவிட்டது என்று இளித்தவர் பொருளாளர். அவருக்கு அறையோடு முடியவில்லை. முன்பல் ஒன்றும் போயிற்று.

பல் போனவர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். எஸ்.ஐ. இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி அனுப்பினார். வெளியே வந்ததும், சர்ஃபிங் பள்ளியின் முதலாளியான ஷிபு ஸ்கூட்டரில் சாவியைப் போட்டுக்கொண்டே சொன்னான்:

"இனி ஒரு தடவ நீ கை ஓங்கினா, அன்னைக்கோட தீந்துது. கேட்டியா? பின்ன இந்தக் கடப்புறத்துல உனக்கு வேலை இல்ல."

மாடத்தி தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலுக்குப் பிறகு ஒரு மழைக்காலம் போய் அடுத்த கோடை வந்துவிட்டது. அவள் கை யார்மேலும் படவில்லை. பல்லைக் கடித்தே தாடை வலிக்கிறது என்று அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

அம்மா பிரேமா தம்பானூரில் ஒரு லாட்ஜில் அறை கூட்டுகிறாள். அப்பா வன்னியராஜ் விளாத்திகுளம் பக்கத்திலிருந்து கான்கிரீட் வேலைக்கு வந்தவர். இப்போதும் அதே வேலைதான். சாலைக் கடைவீதிக்குப் பின்னால் வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருப்பு. மாடத்தி பள்ளிக்கூடத்தை விட்டதும் கோவளத்தில் ஒரு ஓட்டலுக்குத் துணி வெளுக்கப் போனாள். விரிப்புகளைக் காயப்போடும் இடத்திலிருந்து கடல் தெரியும். அதில் பலகையோடு மல்லுக்கட்டுகிறவர்களும் தெரிவார்கள். ஒருநாள் சோப்புக் கையோடு இறங்கிப் போய் ஒரு பலகையை இரவல் கேட்டாள். அன்று கடல் அவளைத் தூக்கிப் பாறையில் அடித்ததில் மூக்குத் தண்டு உடைந்தது. மறுநாள் மூக்கில் பஞ்சை வைத்துக்கொண்டு மறுபடியும் போனாள்.

"அது என்னைய முதல்ல அடிச்சுது. நான் சும்மா விட்டுருவனா?" என்பது அதைப்பற்றி அவள் சொல்லும் முழுக்கதை.

இன்று முப்பதைத் தாண்டிவிட்டாள். ஷிபுவின் பள்ளியில் அவள் வேலை சொல்லிக்கொடுப்பதல்ல; அதற்குப் பொறுமை வேண்டும். கடலைப் பார்த்துச் சொல்வது அவள் வேலை. இன்று இறங்கலாமா, எத்தனை நேரம் இறங்கலாம், யார் இறங்கலாம். மற்ற இடங்களில் இது பெரிய காரியமில்லை. கொக்குப்பாறை முனையில் பெரிய காரியம்.

முனை என்பது கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பாறை. தெற்கே எங்கோ கிளம்பி வரும் அலை அதன் நுனியில் இடித்து, வளைந்து, பாறையை ஒட்டியே வடக்குப் பார்த்து உடைந்துகொண்டு போகும். நல்ல நாளில் அதில் ஏறியவன் இறங்க மனமில்லாமல் குடாவின் மறுகோடிவரை போவான். கெட்ட நாளில் அதே அலை அவனைச் சிப்பி ஒட்டிய பாறையில் தேங்காய் துருவுவதுபோல் துருவிவிடும். இரண்டு நாளுக்கும் கரையிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

மாடத்தி போனில் இருக்கும் கடல் ஆப்பையும் பார்ப்பாள், பாறைமேல் ஏறி நின்றும் பார்ப்பாள். ஆப் அலையின் உயரம் சொல்லும், காற்று சொல்லும், ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைவெளி எத்தனை நொடி என்று சொல்லும். புதியவர்கள் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். இடைவெளிதான் விஷயம். அது நீளமாக இருந்தால் அலை வெகுதூரம் பயணப்பட்டு வந்தது என்று பொருள். நடுக்கடலில் முதுகு காட்டாமல் வரும். முனையில் தரை தட்டியதும் எழுந்து நிற்கும். உள்ளூரில் காற்று இருக்காது, வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும், கடல் மட்டும் திடீரென்று வீட்டுக்குள் வரும். கள்ளக்கடல் என்று இங்கே அதற்குப் பெயர்.

அந்தமாதிரி நாளில் அலைகள் கூட்டமாக வரும்; ஒரு கூட்டத்துக்கு ஒரு செட் என்று பெயர். ஒரு கூட்டம் வந்து அடித்துவிட்டுப் போனால் நெடுநேரத்துக்குக் கடல் குளம்போலக் கிடக்கும். அந்த நேரம் பார்த்து வந்தவன், இதற்கா பயந்தீர்கள் என்று இறங்குவான். ஆகவே கொக்குப்பாறையில் ஒரு சட்டம் உண்டு. பாறைமேல் நிற்பவர் இரண்டு செட் அலைகளைக் கண்ணால் பார்க்காமல் வாய் திறக்கக்கூடாது. அதுவரை கடலுக்கு முதுகு காட்டக்கூடாது. அவரிடம் யாரும் பேசவும் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவர்களே மாடத்தியும் ஷிபுவும்தான்.

ஈஸ்டர் முடிந்த வாரத்தில் ஒரு காலை. டெக்னோபார்க் கம்பெனி ஒன்றிலிருந்து ஐந்து பேர் வந்திருந்தார்கள். ஏற்கெனவே சில வாரங்கள் பழகியவர்கள். முனை அலையில் ஒருமுறையாவது ஏறிவிட வேண்டும் என்று நின்றார்கள். அவர்களில் முன்னால் நின்றவன் கௌசிக். கரமனை அக்ரகாரத்துப் பையன். ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டே வந்தான்.

"மேடம், ஹைட் ஒரு மீட்டர் சொச்சம்தான் காட்டறது. ஆனா அலைக்கு அலை பீரியட் பத்தொம்போது செகண்ட். அது ஜாஸ்தியில்லையோ?"

மாடத்திக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் மிகக் குறைவு.

"ஜாஸ்திதான். அதுக்குத்தான் மேல போறேன். நான் சொல்லாம ஒருத்தரும் கால நனைக்கக்கூடாது."

"நீங்க சொன்னா சரி," என்றான் கௌசிக். பக்கத்தில் நின்ற பத்மப்ரியா, அவனோடு வேலை பார்ப்பவள், "இவன் ஆபீஸ்ல யார் சொன்னாலும் கேக்கமாட்டான் மேடம்," என்றாள். சிரித்தார்கள்.

மாடத்தி பாறையில் ஏறினாள். மீன்வலை ஷெட்டின் கூரையில் கட்டியிருந்த நீலத் தார்ப்பாயின் கிழிசல் கடலைப் பார்த்துப் படபடத்தது. காற்று கரையிலிருந்து வீசுகிறது, நல்லது. இந்தக் காற்று இருக்கும்வரை அலையின் முகம் சீவிவிட்டதுபோல் நிற்கும். வெயில் ஏறியதும் திரும்பும், அதோடு ஆட்டம் முடியும். ஆகவே நேரம் அதிகமில்லை.

முதல் செட் வந்தது. தலைக்கு மேல் ஒரு முழம் என்று கணக்குப் போட்டாள். பழகியவர்களுக்குத் தாங்கும். அடுத்ததற்காக நின்றாள். கடல் அசையவில்லை. காகம் ஒன்று சிப்பியைக் கொத்தியது. இன்னும் நின்றாள்.

பின்னால் பாறையில் செருப்புச் சத்தம் கேட்டது. ஷிபு.

"எந்தா மாடத்தி, கல்லுமேல நோம்பு இருக்கியா? கடல் வல்லதும் சொல்லிச்சா?"

"பேசாத அண்ணே. ரெண்டாவது செட்டு வரல்ல."

"அது வராது. காத்து இப்பம் திரும்பும். பின்ன இவங்க என்ன செய்யணும், மணலுல கெடந்து உருளணுமா?"

"எறங்கிப் போ அண்ணே."

ஷிபு போகவில்லை. அவனுக்கு அன்று காலை முதலே எரிச்சல். குடாவின் வடக்கே போட்டிக்காரி லிபியின் சர்ஃபிங் பள்ளி இருக்கிறது. அங்கே எல்லாரும் எப்போதோ இறங்கிவிட்டார்கள். அவர்களுடைய கூச்சல் தண்ணீர்மேல் மிதந்து வந்துகொண்டிருந்தது.

"லிபி என்ன சொல்லிட்டு நடக்கா தெரியுமா? கையக் கெட்டினதும் மாடத்திக்கு நெஞ்சும் போச்சுன்னு. இப்பம் எல்லாத்துக்கும் பேடியாம். கை இருந்தப்பம் கண்ணும் இருந்துதாம்."

மாடத்தி கண்ணைக் கடலைவிட்டு எடுக்கவில்லை.

"நான் வேணும்னா அவளயே விளிக்கட்டா? ஒண்ணு வந்து நோக்கிட்டுப் போட்டும். நீ வீட்டுல போயி இரி."

அவள் திரும்பினாள்.

"இன்னொரு தடவ சொல்லு. மூஞ்சியப் பாத்துச் சொல்லுல."

"எடீ, முதலாளியவா லேன்னு விளிக்க?"

"முதலாளியா? போர்டுல நேரா நிக்கத் தெரியாத ஒனக்கு ஸ்கூல் ஒரு கேடு. அந்தப் பேரு என்னால வந்தது. லிபிய விளிப்பியா? விளி பாப்போம்! ரெண்டு பேரையும் சேத்துக் கட்டி இந்தப் பாறைப் பொந்துல எறக்குறேன்."

"அடிடீ. அடிச்சு நோக்கு. அங்க அஞ்சு பேரு போனும் கையுமா நிக்காங்க. நல்ல வீடியோ கிட்டும். நாளைக்கு உங்கம்மைக்க கூட லாட்ஜுல தரை தொடைக்கலாம்."

அவள் கை மேலே போயிருந்தது. முஷ்டி அவன் காதுக்குப் பக்கத்தில் நின்றது. அதை அங்கே நிறுத்திவைக்க அவளுக்கு உடம்பு முழுவதும் தேவைப்பட்டது. பல் நெறிந்தது. அம்மாவின் பேச்சை எடுத்தவனின் முகம் அத்தனை கிட்டத்தில் இருந்தது. இறக்கினால் வேலை போகும். இறக்காவிட்டால் என்ன போகும் என்று அவள் அப்போது யோசிக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் முதுகுக்குப் பின்னால் 'டம்' என்று ஒரு சத்தம் கேட்டது. பாறைக்கு அடியில் ஒரு பொந்து உண்டு. தண்ணீர் ஏறி இறங்கும்போதெல்லாம் அது முழங்கும். அதுதான் என்று அவள் காது முடிவுசெய்துகொண்டது. இன்னொரு டம். இன்னொன்று. ஷிபுவும் கடலைப் பார்க்கவில்லை, முஷ்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மெல்லக் கையை இறக்கினாள். விரல்கள் தாமாக விரியவில்லை. திரும்பிக் கடலைப் பார்த்தாள். குளம். குடா முழுவதும் வெள்ளை நுரை கோலம் போட்டதுபோல் பரவிக் கிடந்தது. முதல் செட் போட்ட நுரை இவ்வளவு நேரம் நிற்காது, இவ்வளவு தூரம் போகாது. வேறொரு நாளாக இருந்தால் அவள் இதை உறக்கத்தில்கூடச் சொல்லியிருப்பாள். அன்று அவள் காதில் ரத்தம் இரைந்துகொண்டிருந்தது. பயம் என்றாளா லிபி? யாருக்குப் பயம்?

"எறங்கட்டும்," என்றாள்.

ஷிபு முன்னால் துடுப்பாகக் கையைப் போட்டுப் போனான். ஐந்து பேரும் பலகையில் குப்புறப் படுத்து அவன் பின்னால் போனார்கள். கௌசிக் பாறையைக் கடக்கும்போது மேலே பார்த்துக் கட்டை விரலைக் காட்டினான். அவர்கள் முனையின் தோள்பக்கம் போய் உட்கார்ந்தார்கள். கடல் அவர்களைத் தொட்டில்போல் ஆட்டியது. பத்மப்ரியா ஏதோ பாட ஆரம்பித்தாள்.

முதலில் அடிவானம் தடித்தது. மாடத்தி விசிலை வாயில் வைத்து ஊதினாள், "உள்ள போ! உள்ள! ஆழத்துக்குப் போ!" என்று அலறினாள். ஷிபு திரும்பிப் பார்த்த வேகத்திலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது தெரிந்தது. முதல் அலையை மூன்று பேர் தாண்டிவிட்டார்கள். இரண்டாவது அலை முனைக்கு வெளியே, நாற்பதடி முன்பே எழுந்து, நீளமாக, ஒரே சமயத்தில், மதில் இடிவதுபோல் இடிந்தது.

பலகைகள் ஆகாயத்தில் போயின. ஷிபுவின் பலகை கயிற்றின் இழுப்பில் திரும்பி வந்து அவன் நெற்றியைப் பிளந்தது. மற்ற மூன்று பேரை நுரை சுருட்டிக் கரைக்கே தூக்கிப் போயிற்று. அவர்களுக்கு அது அதிர்ஷ்டம். கௌசிக்கின் காலில் கட்டிய கயிறு அறுந்தது. அவனும் பத்மப்ரியாவும் பாறைப் பக்கம் இழுக்கப்பட்டார்கள். அவளுக்கு இன்னும் பலகை இருந்தது. கௌசிக் அதைப் பிடிக்கப் போய் அவளைப் பிடித்தான். அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவள் தோள்மேல் ஏறினான். அவள் தலை தண்ணீருக்குள் போயிற்று. அவன் இன்னும் மேலே ஏறினான். நல்ல பையன்தான், அந்த நேரத்தில் அவனுக்குள் இருந்தது நல்லதும் கெட்டதும் தெரியாத ஒன்று.

மாடத்தி அடுத்த அலை பின்வாங்கும் கணத்தில் பாறையிலிருந்து குதித்தாள். முழங்கால் சிப்பியில் கிழிந்தது. நீந்திப் போய் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். கௌசிக் அவளையும் உதைத்தான். அவன் விரல்கள் பத்மப்ரியாவின் தலைமுடிக்குள் முடிச்சுப் போட்டிருந்தன.

"விடுல! விடு! அவ சாவுறா!"

அவன் கண்ணில் யாரும் இல்லை. மாடத்தி கையை மடக்கி அவன் மூக்கில் குத்தினாள். ஓங்க இடமில்லாத தண்ணீருக்குள் இரண்டாவது தடவையும் குத்தினாள். எலும்பு நொறுங்குவதை முஷ்டி உணர்ந்தது. பிடி விட்டது. மேலே வந்த பத்மப்ரியா மூச்சை இழுத்த சத்தம் துணி கிழிவதுபோல் இருந்தது. அடுத்த அலை மூவரையும் சேர்த்து அடித்தது. பத்மப்ரியாவின் தோள் பாறையில் மோதியது. மாடத்தி ஒரு கையில் அவள் சட்டையையும் மறு கையில் கௌசிக்கின் காலரையும் பிடித்திருந்தாள். கடல் மூவரையும் உருட்டி, அடித்து, மணலில் கொண்டுவந்து கொட்டியது. லிபியின் பள்ளியிலிருந்து ஆட்கள் ஓடிவந்துகொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் ஷிபு நெற்றியில் துண்டை அழுத்திக்கொண்டு சொன்னான்:

"கள்ளக்கடல்னு சொல்லு. அது சத்தியம்தானே? ஆருக்கும் அறியாம கேறி வந்துது. அவ்வளவுதான். மூக்க உடைச்சதும் அவனக் காப்பாத்த. அத நான் சொல்லுறேன். அந்தக் கைக்கு நான் ஒண்ணும் சொல்லல்ல, போருமா?"

அவளுக்கு வேலை தப்பித்துவிட்டது என்று மட்டும் புரிந்தது.

கௌசிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். மூக்கில் இரண்டு பக்கமும் பஞ்சு. திரைக்கு அந்தப்பக்கம் பத்மப்ரியாவின் இடம் பெயர்ந்த தோள்மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் அலறினாள். கௌசிக் ஒவ்வொரு அலறலுக்கும் கண்ணை மூடித் திறந்தான்.

"மேடம், மூக்குக்கு ஸ்டேஷன்ல நான் கம்ப்ளெயிண்ட் ஒண்ணும் குடுக்கப்போறதில்ல. நான் அவளக் கொன்னிருப்பேன். அது எனக்குத் தெரியும்." கொஞ்சம் நிறுத்தினான். "ஆனா நீங்க பாத்தேள்தானே? பாத்தப்போ ஃப்ளாட்டாதானே இருந்தது? அத மட்டும் சொல்லிடுங்கோ. அவ அம்மா வந்துண்டிருக்கா. கேப்பா."

தப்பிக்கும் வழியை அவனே திறந்துகொடுத்தான். ஷிபு பின்னாலிருந்து, "கள்ளக்கடல் தம்பி, அது வாறது…" என்று ஆரம்பித்தான். திரைக்குப் பின்னால் மறுபடியும் அலறல்.

"ஒரு செட்டுதான் பாத்தேன்," என்றாள் மாடத்தி. "ரெண்டாவது வந்தப்ப நான் கடலப் பாக்கல. இவரோட சண்ட போட்டுட்டு நின்னேன். சத்தம் கேட்டுது. நொரையும் கெடந்துது. பாக்காம எறங்கச் சொன்னேன். அவ அம்மா வந்தா நானே சொல்லுறேன்."

கௌசிக் அவளையே பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

பத்மப்ரியாவின் அம்மா வந்தாள். மாடத்தி சொன்னாள். அந்த அம்மா அவள் கன்னத்தில் மாறி மாறி அறைந்தாள். மாடத்தி கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள்.

வராந்தாவில் ஷிபு காத்திருந்தான். தையல் போட்ட நெற்றி வீங்கியிருந்தது.

"கஸ்டமருக்க முன்னால ஸ்கூலயே குழில தள்ளிட்டியேடீ. உன் கையக் கூட நான் பொறுத்தேன். நாளைக்கு வரண்டாம்."

"செரி," என்றாள்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகப் போன் அடித்தது. மாடத்தி வீட்டு வாசலில் முழங்கால் கட்டை அவிழ்த்துக் காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷிபுவின் பெயர் வந்தது. எடுத்தாள்.

"கொல்லத்துலேந்து ஒரு பார்ட்டி வந்து நிக்குது," என்றான். காற்று ஊதியது. "நான் கல்லுமேல நிக்கேன். கடல் நல்லாத்தான் இருக்கு, ஒண்ணும் இல்ல. நீ ஒண்ணு சொல்லு."

"நான் அங்க இல்லியே அண்ணே."

"பழக்கத்த வச்சுச் சொல்லு மாடத்தி."

"பின்னால யாரு பேசுறா?"

"அவங்கதான். கேறி வந்துட்டாங்க."

"எறங்கிப் போகச் சொல்லு. அப்புறம் கடலப் பாத்து நில்லு. என்கிட்டயும் பேசாத."

அவன் யாரையோ அதட்டினான். பிறகு பேச்சு நின்றது. போன் திறந்தே இருந்தது. சாலைக் கடைவீதிப் பக்கம் லாரிகளில் மூட்டை இறக்குகிறவர்கள் கத்த ஆரம்பித்திருந்தார்கள். அவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறு காதில் போனை அழுத்தினாள். வெகுநேரம் காற்று மட்டும். பிறகு, இத்தனை தூரத்திலும், வயிற்றில் வந்து விழுவதுபோல் அந்த இடி கேட்டது. அடுத்தது. அடுத்தது.

"என்டம்மோ," என்றான் ஷிபு.

"பாத்தியா?"

"பாத்தேன். இப்பம் என்ன செய்ய?"

"நீதான் சொல்லணும். நீதான நிக்க."

அவன் மூச்சு கேட்டது. பிறகு கீழே பார்த்துக் கத்தினான்: "ஆரும் இறங்கண்டா! இன்னைக்கு இல்ல!" கீழிருந்து ஒரு ஆண் குரல் ஏறி வந்தது. இவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்தது எதற்கு, கடல் சும்மாத்தானே கிடக்கிறது, நீ யார் சொல்ல? ஷிபு எதிர்க்குரல் கொடுத்தான். அவள் ஒருநாளும் கேட்டிராத குரல். பலகை பாறையில் மோதியது. சட்டை கிழிந்தது. கெட்ட வார்த்தைகள் மலையாளத்தில் வரிசையாக வந்தன. பிறகு போன் எங்கோ விழுந்து உருண்டது.

"முதுகு காட்டாத அண்ணே!" என்று மாடத்தி தெருவே கேட்கக் கத்தினாள். "அவன விடு! கடலப் பாரு!"

மனிதச் சத்தம் தள்ளித் தள்ளிப் போயிற்று. கடல் மட்டும் கிட்டத்தில் இருந்தது. அவள் முழங்கால் கட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு, இரண்டாவது செட்டுக்காகக் காதைக் கொடுத்தாள்.